வேலை தெரியும், தாள்தான் இல்லை: கூலித் தொழிலாளர் மேலே வர உதவ விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருந்த ஓர் இடத்தில், பன்னிரண்டு வருடமாக மேசனுக்குக் கையாளாக நின்ற ஒருவரோடு ஒரு பின்னேரம் பேசிக்கொண்டிருந்தேன். அன்று மேசன் வரவில்லை. முன்சுவரின் பூச்சு வேலையை இவரே முடித்திருந்தார். மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் பலகைக்கும் சுவருக்கும் இடையில் எங்கும் ஒளி தெரியவில்லை. ஆனாலும் அன்று அவர் கையில் விழுந்தது கையாளின் கூலிதான். "வேல தெரியும் சேர், தாள்தான் இல்ல" என்றார்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் குறைந்த கூலிக்கு வேலை செய்பவர்களை உயர்த்த வேண்டும் என்று புறப்படுகிற பலர், சங்கமானாலும் பள்ளிவாசல் நிருவாகமானாலும் கோயில் பரிபாலன சபையானாலும் ஓய்வுபெற்ற ஆசிரியரானாலும், முதலில் ஒரு பயிற்சி வகுப்பைத்தான் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வகுப்பு கடைசியில் வர வேண்டியது. முதலில் அந்த மனிதருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்பதைக் கணக்கெடுக்க வேண்டும். அடுத்து அதற்குரிய சான்றிதழைப் பெற வழி பார்க்க வேண்டும். பிறகு எஞ்சி நிற்கிற குறையை மட்டும் படிப்பிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால், பத்து வருடம் தையல் இயந்திரத்தில் இருந்த பெண்ணை நூல் கோர்க்கப் பழக்கும் வகுப்பில் கொண்டுபோய் இருத்துவீர்கள். அவர் மூன்றாம் நாள் வரமாட்டார். அது அவருடைய குற்றமல்ல.

தெரிந்ததை எழுதுதல்

"உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" என்று கேட்டால், "கூலி வேலைதான்" என்ற பதிலே வரும். "நேற்றுக் காலையில் இருந்து என்னென்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். மணல் அரித்தேன், கலவை போட்டேன், மூலை மட்டம் பிடித்தேன், நூல் கட்டினேன் என்று ஒவ்வொன்றாக வரும். அதை அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஒரே இருப்பில் முடிக்கப் பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று தடவை, முடிந்தால் வேலை நடக்கிற இடத்திலேயே போய்ப் பேசினால்தான் அவருக்கே மறந்துபோன வேலைகள் வெளியே வரும்.

இப்படி எழுதும்போது உதவ வந்தவருக்கே கண் திறக்கும். நான் பார்த்த கையாள் எட்டாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். ஆனால் அத்திவாரம் வெட்டும் இடத்தில் நூலை 3 அடி, 4 அடி, 5 அடி என்று பிடித்து மூலையை நேராக்கத் தெரிந்தவர். பைதகரசின் தேற்றத்தை அவர் கை அறிந்திருந்தது, பெயர்தான் தெரியாது. கணிதம் படிப்பிப்பதென்றால் அந்த நூலில் இருந்தே தொடங்கலாம் என்பதை அன்றைக்குத்தான் விளங்கிக்கொண்டேன்.

என்.வி.கியூ.வும் முன்னனுபவமும்

இலங்கையில் தொழிற்பயிற்சிக்கு ஒரே அளவுகோலாக இருப்பது தேசிய தொழிற்தகைமை. எல்லோரும் என்.வி.கியூ. என்றே சொல்கிறார்கள். இதில் ஏழு மட்டங்கள் உள்ளன. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5 உம் 6 உம் டிப்ளோமா, 7 பட்டத்துக்குச் சமம். ஒரு கைவினைத் தொழிலைப் பிறர் மேற்பார்வையின்றித் தானே பொறுப்பேற்றுச் செய்யக்கூடியவர் என்பதைக் காட்டுவது 4 ஆம் மட்டம். கூலித் தொழிலாளி ஒருவருக்கு முதல் இலக்காக 3 அல்லது 4 ஆம் மட்டத்தை வைத்துக்கொள்வது நியாயமானது. இந்த முறைமையை மேற்பார்வை செய்வது, 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு.

பலருக்குத் தெரியாத விடயம், இந்தச் சான்றிதழைப் பெற வகுப்பில் இருந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது. வேலை செய்தே பழகியவருக்கு, முன்னைய கற்றலை அங்கீகரித்தல் என்றொரு வழி உண்டு, நிலையங்களில் ஆர்.பி.எல். என்று கேட்டால் விளங்கும். விண்ணப்பதாரர் தன் அனுபவத்துக்கு ஆதாரம் காட்ட வேண்டும். மதிப்பீட்டாளர் அவரைச் செய்துகாட்டச் சொல்லிப் பார்ப்பார், கேள்வியும் கேட்பார். ஒவ்வொரு தொழிலுக்கும் தேசிய தேர்ச்சி நியமம் என்று ஓர் ஆவணம் உண்டு. அந்தத் தொழில் எந்தெந்த அலகுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது அதில் இருக்கும். அதை எடுத்து, நீங்கள் கொப்பியில் எழுதியதோடு ஒப்பிடுங்கள். எந்த அலகில் அவர் தேறுவார், எது குறைகிறது என்பது ஒரு மாலைப்பொழுதிலேயே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரமிருந்தால் இதையே செய்யுங்கள்.

ஆதாரம் சேர்ப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுகிறார்கள். தொழிற்சாலையில் இருப்பவருக்குச் சேவைக் கடிதமும் சம்பளத் துண்டும் இருக்கும். அத்தோடு ஊழியர் சேமலாப நிதிக் கணக்கும் ஒரு நல்ல சாட்சி. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் அதில் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி தன் கையிலிருந்து 3 வீதம் கட்ட வேண்டும். கட்டியிருக்கிறார்களா என்று பார்க்கிற சாட்டில், எத்தனை வருடம் வேலை செய்தார் என்பதற்கும் பதிவு கிடைத்துவிடுகிறது. நாட்கூலிக்கு வீடு வீடாகப் போகிறவருக்கு இவை எதுவும் இருக்காது. அவருக்கு வீட்டுச் சொந்தக்காரர்களிடம் கடிதம் வாங்க வேண்டும். இன்ன மாதத்தில் என் வீட்டில் இத்தனை சதுர அடி தரை ஓடு பதித்தார் என்று குறிப்பாக எழுதிய கடிதத்துக்குத்தான் மதிப்பு. "நல்ல பிள்ளை, நேர்மையானவர்" என்ற கடிதத்தால் பயனில்லை. அதைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டுமா, எந்த வடிவில் ஏற்பார்கள் என்பதை மதிப்பீடு நடக்கும் நிலையத்திலேயே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் எடுத்த படங்களும் உதவும், ஆனால் முடிந்த சுவரின் படத்தை விட அவர் கையில் சாந்தகப்பையோடு பாதிச் சுவரில் நிற்கும் படமே பேசும். இன்றிலிருந்தே எடுக்கத் தொடங்கச் சொல்லுங்கள்.

ஒருமுறை ஓர் ஒப்பந்தகாரர், ஏழு வருடம் தன்னிடம் வேலை செய்தவருக்குக் கடிதம் தர மறுத்தார். கடிதம் கொடுத்தால் சேமலாப நிதிக் கணக்கைக் கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு. வாக்குவாதம் செய்து ஒரு மாதத்தை வீணாக்கினோம். இறுதியில் அந்த ஏழு வருடத்தில் வேலை நடந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் நான்கு பேரிடம் நேரே போய்க் கடிதம் வாங்கினோம். நான்காவது கடிதம் கையில் வரும்வரை எடுத்தது இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் மட்டுமே.

குறையும் இடம்: எண்ணும் எழுத்தும் மொழியும்

கையில் வேலை இருப்பவரைத் தடுத்து நிறுத்துவது அநேகமாகத் தொழில்நுட்பமல்ல. பிளானை வாசிப்பதும், அளவைக் கணக்குப் பார்ப்பதும், சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இரண்டு வசனம் பேசுவதும்தான். கையாள் மேசனாகவும், மேசன் சிறிய ஒப்பந்தம் எடுப்பவராகவும் மாறும் கட்டம், கணக்கு அவர் கைக்கு வரும் இடமே. ஆகவே பொதுவான கணித வகுப்பு வைக்காமல், அவருடைய வேலையில் இருந்தே ஒரு கணக்கை எடுங்கள்.

ஓர் அறையின் கொங்கிறீட் தட்டு 12 அடி நீளம், 10 அடி அகலம், 5 அங்குலக் கனம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 120 சதுர அடி. 5 அங்குலத்தை அடியாக்கினால் பன்னிரண்டில் ஐந்து பங்கு. பெருக்கினால் 50 கன அடி. மணலும் கல்லும் விற்கிற ஒரு கியூப் என்பது 100 கன அடி என்பதால், போட்டு முடிந்த கொங்கிறீட் அரை கியூப். உலர்ந்த பொருளைக் கலக்கும்போது இடையிலுள்ள வெற்றிடம் நிரம்பி அளவு குறைந்துவிடும். ஆகையால் ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் கூட (1.54 மடங்கு), அதாவது 77 கன அடி பொருள் வேண்டும். 1:2:4 கலவைக்கு அதை ஏழு பங்காக்கினால் சீமெந்து 11, மணல் 22, கல் 44 கன அடி. 50 கிலோ சீமெந்துப் பையொன்று ஒன்றேகால் கன அடிக்குச் சற்றுக் குறைவு; எனவே 9 பை. இந்த ஒரு கணக்கைப் பத்துத் தடவை வெவ்வேறு அறைகளுக்குச் செய்தவர், பின்னம், பெருக்கல், விகிதம், அலகு மாற்றம் எல்லாவற்றையும் தாண்டியிருப்பார். அதைவிட முக்கியம், அடுத்த தடவை வீட்டுக்காரர் "எத்தனை பை வாங்க?" என்று மேசனிடம் கேட்கும்போது பக்கத்தில் நிற்கிற இவர் வாய் திறப்பார்.

தையல் தொழிற்சாலையில் இதே இடத்தை வேறு விதமாகப் பார்க்க வேண்டும். ஒரே ஊசி இயந்திரத்தில் இருப்பவர் ஓவர்லொக், பிளட்லொக் என்று இரண்டாவது, மூன்றாவது இயந்திரத்தைப் பழகினால் அவருக்குக் கிராக்கி கூடும். ஆனால் மேற்பார்வையாளர் ஆக, மணிக்கு எத்தனை துண்டு என்ற இலக்கை நூற்றுவீதமாக மாற்றவும், தரப் பரிசோதனைத் தாளில் குறையை எழுதவும் தெரிய வேண்டும். இவற்றை மதிய உணவு நேரத்தில் பத்து நிமிடம் வீதம் ஒரு சக தொழிலாளியே படிப்பிக்கலாம்.

அம்பாறை மாவட்டத்தில் சில வேலைத்தலங்களின் மொழி சிங்களம். பாடப்புத்தகச் சிங்களத்தை விட்டு, வேலைத்தலத்தில் கேட்கும் ஐம்பது சொல்லையும், பொருளும் அளவும் கேட்கும் பத்து வசனத்தையும் முதலில் வாயில் ஏற்றுங்கள். எழுத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

க.பொ.த. சாதாரண தரத்தை விட்டுச் சென்றவர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக அதை மீண்டும் எழுத முடியும். எல்லோரையும் இதற்குள் தள்ளாதீர்கள். அரச வேலை தேடுகிறவர் போன்ற சிலருக்கு அது தேவைப்படலாம். நாற்பது வயது மேசனுக்கு ஆங்கில இலக்கணத்தை விட என்.வி.கியூ. 4 தான் முதலில் வேண்டும்.

எப்போது நடத்துவது

கூலித் தொழிலாளிக்குப் பயிற்சியின் உண்மையான விலை பாடநெறிக் கட்டணமல்ல. அன்று போகாமல் விடுகிற ஒரு நாள் கூலி. கட்டணத்தை நீங்கள் கட்டிவிட்டாலும் கூலி போகிறது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். சில வருடங்களுக்கு முன், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றில் எண்ணெழுத்து வகுப்பொன்றைப் பெப்ரவரி நடுப்பகுதியில் தொடங்கினேன். பதினேழு பேர் பெயர் கொடுத்தார்கள். இரண்டாவது கிழமையில் இரண்டு பேர் வந்தார்கள். வயலில் அறுவடை தொடங்கியிருந்தது என்பதைப் பார்க்காத என் மடத்தனத்துக்கு அந்தக் காலிக் கதிரைகளே தண்டனை.

ஆகவே நாட்காட்டியைத் தொழிலோடு சேர்த்துப் பாருங்கள். பெரும்போகத்துக்கு ஒக்டோபர், நவம்பரில் விதைப்பு, பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை. நீர்ப்பாசனம் உள்ள இடங்களில் சிறுபோகம் அதன் பின் ஓகஸ்ட் வரை நீளும். வயல் வேலைக்குப் போகிறவருக்கு இவற்றின் இடைவெளிதான் வகுப்புக்காலம். கட்டட வேலைக்காரருக்கு நேர்மாறு: வடகீழ்ப் பருவமழை கொட்டுகிற நவம்பர் முதல் ஜனவரி வரை வேலை படுத்துவிடும், அதுவே அவருக்குக் கிடைக்கிற வகுப்பு நேரம். வெள்ளம் வந்தால் வழி தடைப்படும் என்பதால் வகுப்பை அந்தந்த ஊரிலேயே வைக்க வேண்டும். கடற்றொழிலாளருக்கும் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கிற அந்த மாதங்களே ஓய்வு. பாசிக்குடாவிலும் அறுகம்பையிலும் விடுதி வேலை செய்யும் இளைஞர்களுக்குச் சுற்றுலாப் பருவம் நடுப்பகுதி மாதங்களில் ஓடுவதால், உணவு பரிமாறல், சமையல், முன்மேசை வேலை போன்றவற்றைப் பழக்க நவம்பருக்குப் பிறகே நேரம் கிடைக்கும். இதைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள் என்று சொல்லும் அளவுக்கு இது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முழு நாள் கூலியை இழக்காமல் வகுப்பை எங்கு பொருத்தலாம் என்று தேடுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம், கிழமைக்கு மூன்று நாள் என்பது பலருக்கு ஏற்கிறது. பெண்களுக்கு அது ஏற்காது. பிள்ளைகள் பாடசாலை போயிருக்கும் காலை நேரமே அவர்களுக்குச் சரி. படுவான்கரையிலிருந்து பாலத்தாலோ படகுப்பாதையாலோ வாவியைக் கடந்து நகரத்துக்கு வருபவர்களுக்குக் கடைசி பஸ்ஸின் நேரத்தைக் கேட்ட பிறகே வகுப்பு முடியும் நேரத்தைத் தீர்மானியுங்கள். பெண்கள் குழந்தையைக் கூட்டிவரலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் வரமாட்டார்கள். மூலையில் ஒரு பாயும் நாலு விளையாட்டுச் சாமானும் போட்டால் போதும்.

பாடநெறியைத் தெரிவு செய்தல்

அரச நிறுவனங்களை முதலில் விசாரியுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தொழில்நுட்பக் கல்லூரிகள் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபை, தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபை, தேசிய இளைஞர் சேவைகள் மன்றம் ஆகியவையும் பயிற்சி நடத்துகின்றன. பிரதேச செயலகத்தில் திறன் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேட்டால் எங்கே எப்போது அடுத்த தொகுதி தொடங்குகிறது என்று சொல்வார்.

தனியார் நிலையம் என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள். நிலையம் மேலே சொன்ன தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா என்பது முதலாவது. இந்தக் குறிப்பிட்ட பாடநெறி தரச்சான்று பெற்றதா என்பது இரண்டாவது. பதிவு வேறு, பாடநெறியின் அங்கீகாரம் வேறு. பதிவு எண்ணை மட்டும் சுவரில் மாட்டி வைத்துவிட்டு, அங்கீகாரம் இல்லாத பாடநெறிக்குக் காசு வாங்குவதும் நடக்கிறது. அதை முடித்தவருக்கு என்.வி.கியூ. கிடைக்காது, நிலையத்தின் சொந்தத் தாள்தான் கிடைக்கும். ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் இரண்டையும் பார்க்கலாம். அலங்கார மேடையில் பட்டமளிப்பு உடுப்புப் போட்டுப் படம் எடுக்கிற நிலையங்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை தேவை.

எந்தப் பாடநெறிக்கும் கிழமைத் தவணைக் கடன் எடுக்க வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். நுண்கடன் தவணைக்கே ஓடுகிற குடும்பத்தில் பயிற்சிக் கடனும் சேர்ந்தால், பாடநெறி முடியும் முன்பே அவர் இரண்டு நேர வேலைக்குப் போவார். பணம் தேவையென்றால் சங்கத்தின் சுழற்சி நிதியில் இருந்தோ, ஊரவர் ஒருவரின் நேரடி உதவியாகவோ கொடுத்து, கட்டணத்தைத் தவணைகளில் நிலையத்துக்கே செலுத்துங்கள்.

பெற்றோர் முகம் சுளிப்பதும் ஒரு பெரிய தடை. "படிப்பு வராதவன்தான் டெக்னிக்கலுக்குப் போவான்" என்று சொல்கிற அம்மாமார் இங்கே நிறைய. அவர்களோடு மல்லுக்கட்டாமல் ஒரு விடயத்தை நினைவூட்டலாம். இந்த அம்பாறை மாவட்டத்துக் காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலானந்தரே கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று 1916 இல் விஞ்ஞான டிப்ளோமா பெற்றவர். அதன் பிறகுதான் தமிழின் பேராசான் ஆனார்.

முதலாளியிடம் பேசுதல்

சான்றிதழ் கிடைத்ததும் கூலி தானாகக் கூடாது. பயிற்சி தொடங்கும் முன்பே முதலாளியிடம் போய், தேறினால் என்ன மாற்றம் வரும் என்று கேளுங்கள். வாய்ச்சொல் போதாது; நாட்கூலியில் எவ்வளவு, எந்தத் திகதியில் இருந்து என்று ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள். அடித்தளமாகச் சட்டம் ஒன்று இருக்கிறது: 2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழ், மாத வேதனம் 2025 ஏப்ரல் முதல் 27,000 ரூபாவும் 2026 ஜனவரி முதல் 30,000 ரூபாவும், நாள் வேதனம் முறையே 1,080, 1,200 ரூபா. இதற்குக் கீழே சம்பளம் கொடுக்கும் இடத்தில் பயிற்சியைப் பற்றிப் பேசும் முன் இதைத்தான் பேச வேண்டும். தொழில் திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் முறையிட வழி உண்டு.

முதலாளிமாரில் பலர் "பயிற்சி கொடுத்தால் வேறிடம் போய்விடுவான்" என்று அஞ்சுகிறார்கள். அஞ்சுவது நியாயமற்றதல்ல. ஆனால் போகிறவர் எப்படியும் போவார். வளைகுடாவுக்குப் போவது இப்பகுதியில் சாதாரணம். அங்கும் சான்றிதழோடு போகிறவரின் சம்பளம் வேறு, இல்லாமல் போகிறவரின் சம்பளம் வேறு. இதைச் சொல்வதால் முதலாளி உங்கள் பக்கம் வருவார் என்பதல்ல. நீங்கள் அவரை ஏமாற்றவில்லை என்பதாவது தெரியும்.

முதல் தடவையில் எல்லா அலகுகளிலும் தேறாமல் போவது சாதாரணம். தேறிய அலகுகள் பதிவாகின்றன. விடுபட்டவற்றை மட்டும் பழகிவிட்டு மறுபடி போகலாம். தோற்றுவிட்டேன் என்று மூன்று மாதம் வெளியே வராமல் இருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முடிவு வந்த அன்றே வீட்டுக்குப் போய், எந்த அலகு விடுபட்டது என்று சேர்ந்திருந்து பாருங்கள். அநேகமாக அது கணக்கோ, பிளான் வாசிப்போ தான். நான் முதலில் சொன்ன கையாளுக்கும் அதுவேதான் விடுபட்டது. அடுத்த மாரியில், மழை பெய்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை மாலையில், பழைய பிளான் ஒன்றைத் தரையில் விரித்து, அறைகளின் நீள அகலத்தை அவரே உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒன்பது வயது மகள் கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.